குளிர்ந்த என்ஜினின் முதல் நிமிடம்: கார்புரேட்டரும் எரிபொருள் உட்செலுத்தலும் – ஒரு கண்ணோட்டம்

பெட்ரோலில் ஓடும் நவீன கார் ஒன்று அரை மணி நேரம் பயணம் செய்தால், அது வெளியிடும் எரியாத எரிபொருளின் பெரும்பகுதி, புறப்பட்ட முதல் ஓரிரு நிமிடங்களிலேயே காற்றில் கலந்துவிடுகிறது. எஞ்சிய நேரத்தில் வெளியாகும் அளவு அதனுடன் ஒப்பிடுகையில் மிகச் சொற்பம். வாகனப் புகையைக் கட்டுப்படுத்த உலகெங்கும் கடந்த அரை நூற்றாண்டாக இயற்றப்பட்டு வரும் சட்டங்கள் பலவும், என்ஜின் குளிர்ந்திருக்கும் இந்தச் சிறு இடைவெளியைத்தான் மேலும் மேலும் நெருக்கிப் பிடித்து வந்துள்ளன.

சாரதிகளுக்கோ இது வேறு வகையில் அறிமுகமான நேரம். டாஷ்போர்டில் இருந்த 'சோக்' குமிழை இழுப்பதும், ஆக்சிலரேட்டர் மிதியை இரண்டு முறை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்புவதும், என்ஜின் சீராக உறுமும் வரை வீட்டு வாசலில் காத்திருப்பதும் ஒரு தலைமுறைக்கு அன்றாட வழக்கமாக இருந்தன. இன்று சாவியைத் திருப்பினால், அல்லது ஒரு பொத்தானை அழுத்தினால், பூஜ்ஜியத்துக்குக் கீழ் 20 டிகிரி குளிரிலும் என்ஜின் ஓரிரு விநாடிகளில் இயங்கத் தொடங்குகிறது. கார்புரேட்டர் இருந்த இடத்தை எரிபொருள் உட்செலுத்தல் முறை பிடித்துக்கொண்டதே இதற்குக் காரணம். இந்த மாற்றம் நடந்தது எப்படி, ஏன் என்பதையும், பழைய வழக்கங்களில் எவை இன்னும் பொருந்தும், எவை ஆபத்தாகவே முடியக்கூடும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திரவம் எரிவதில்லை

குளிரில் என்ஜின் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். சிலிண்டருக்குள் எரிவது திரவ நிலையில் உள்ள பெட்ரோல் அல்ல, காற்றுடன் கலந்த பெட்ரோல் ஆவியே. பெட்ரோல் என்பது தனியொரு பொருளும் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன் சேர்மங்களின் கலவை அது. அவற்றில் சில சுமார் 30 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகின்றன. கனமான சில, 200 டிகிரியை நெருங்கினால்தான் முழுமையாக ஆவியாகும்.

சூடேறிய என்ஜினில் இது ஒரு பிரச்சினையே அல்ல. உட்செல்லும் பெட்ரோல் ஏறக்குறைய முழுவதும் ஆவியாகிவிடும். எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தில் கலந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதோ, எளிதில் ஆவியாகும் இலேசான பகுதி மட்டுமே பயன்படுகிறது. மற்றவை காற்றுக் குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் ஈரப் படலமாகப் படிந்துவிடுகின்றன. எனவே, எரியக்கூடிய அளவுக்கு ஆவி கிடைக்க வேண்டுமானால், வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலை உள்ளே அனுப்ப வேண்டியிருக்கிறது. குளிர் கூடக் கூட இந்தத் தேவையும் கூடும்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் இதில் பங்கு வகிக்கின்றன. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் விற்கப்படும் பெட்ரோலில் பியூட்டேன் போன்ற இலேசான சேர்மங்கள் அதிகம் சேர்க்கப்படுகின்றன. டொராண்டோவில் ஜனவரியில் நிரப்பும் பெட்ரோலும் ஜூலையில் நிரப்பும் பெட்ரோலும், பெயரளவில் ஒன்றாயினும், ஆவியாகும் தன்மையில் வேறுபட்டவை.

சோக் செய்த வேலை

கார்புரேட்டரில் மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. காற்று செல்லும் குழாயின் ஓரிடம் குறுகலாக்கப்பட்டிருக்கும். அந்தக் குறுகலில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்தக் குறைவு, அருகிலுள்ள சிறு கிண்ணத்திலிருந்து நுண்ணிய துளை வழியே பெட்ரோலை உறிஞ்சிக் காற்றில் தூவுகிறது. அதிகக் காற்று சென்றால் அதிகப் பெட்ரோல், குறைந்த காற்று சென்றால் குறைந்த பெட்ரோல். எளிமையும் நுட்பமும் சேர்ந்த இந்த ஏற்பாடு நூறாண்டுக்கும் மேல் உலகை ஓட்டியது.

ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுழற்றும்போது, நிமிடத்துக்கு நூறு முதல் இருநூறு சுற்று வரைதான் கிடைக்கும். அந்த மந்தமான காற்றோட்டத்தால் போதிய உறிஞ்சல் உண்டாவதில்லை. அதாவது, பெட்ரோல் மிக அதிகமாகத் தேவைப்படும் அதே வேளையில்தான் கார்புரேட்டர் மிகக் குறைவாகக் கொடுக்கிறது. சோக் என்பது இந்த முரண்பாட்டுக்குக் கண்டறியப்பட்ட தீர்வு. கார்புரேட்டரின் வாயில் உள்ள ஒரு தகடு காற்று வழியை ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிடும். உள்ளே உறிஞ்சல் பல மடங்காகப் பெருகும். குழாயில் வாய் வைத்து உறிஞ்சுபவர் மறுமுனையை விரலால் அடைத்தால் என்ன நடக்குமோ, அதுதான் இங்கும் நடக்கிறது. பல மோட்டார் சைக்கிள்களில் இத்தகைய தகடு கிடையாது. கூடுதல் பெட்ரோல் செல்ல ஒரு தனித் துளை மட்டுமே திறக்கும். ஆயினும் மக்கள் அதையும் சோக் என்றே அழைத்தனர்.

சோக்கை இழுப்பது எளிது. எப்போது, எவ்வளவு தளர்த்துவது என்பதில்தான் அனுபவம் தேவைப்பட்டது. என்ஜின் பற்றிக்கொண்ட மறுகணமே காற்று ஓரளவு உள்ளே செல்ல வேண்டும், இல்லையேல் மூச்சுத் திணறி நின்றுவிடும். மிக விரைவில் தளர்த்தினாலும் நின்றுவிடும். தளர்த்த மறந்து மைல்கணக்கில் ஓட்டியவர்களின் கார்கள் கரும்புகை கக்கின. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருந்த மசகு எண்ணெயைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கால என்ஜின்கள் விரைவில் தேய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தில் வளையும் இரட்டை உலோகச் சுருளைக் கொண்டு தானாக இயங்கும் சோக்குகள் பின்னர் பரவலாயின. அவையும் முழு நம்பிக்கைக்கு உரியவையாக இருக்கவில்லை. சுருளுக்குத் தெரிந்தது தன்னுடைய சூடு மட்டுமே. என்ஜினின் உண்மை நிலையை அது ஊகிக்கத்தான் முடிந்தது. பெட்ரோல் அளவு மீறிச் சென்று ஸ்பார்க் பிளக்குகள் நனைந்துவிட்டால், மிதியைத் தரை வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும், காற்று புகுந்து பிளக்குகள் உலரும் என்பது அன்று எல்லாச் சாரதிகளுக்கும் தெரிந்த பரிகாரம்.

கார்புரேட்டருக்கு இன்னொரு விசித்திரமான எதிரியும் இருந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், கார்புரேட்டரின் உட்புறம் வெளிக்காற்றைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது உள்ளேயே உறைந்து பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். கடுங்குளிரில் காற்று உலர்ந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. பூஜ்ஜியத்துக்கு மேல் சில டிகிரி மட்டுமே உள்ள, மழையும் மூட்டமுமான லண்டன் காலைப் பொழுதுதான் இதற்கு ஏற்ற சூழல். இன்றும் கார்புரேட்டர் பொருத்திய சிறிய விமானங்களை ஓட்டுவோர், வெப்பக் காற்றை உள்ளே திருப்பும் நெம்புகோலை மறக்கக் கூடாது என்று பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகின்றனர்.

யாழ்ப்பாணத்தின் சில துளிகள்

குளிர் தொடக்கம் என்பது பனி பெய்யும் நாடுகளுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ணிவிட வேண்டியதில்லை. எரிபொருள் எளிதில் ஆவியாகாததாக இருந்தால் வெப்ப மண்டலத்திலும் அதே சிக்கல் எழும். இதற்குத் தமிழர்களின் அண்மை வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலங்கையில் போர் மீண்டும் மூண்டதை அடுத்து, வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெட்ரோல் கிடைப்பது அரிதாகியது. அப்போது யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய், பெட்ரோலைவிட மிகக் கனமானது. குளிர்ந்த என்ஜினில் அது ஆவியாகாது, ஆகவே பற்றாது. யாழ்ப்பாணத்தின் 30 டிகிரி வெயிலும் அதற்குப் போதாது. எனவே சாரதிகள் சில துளி பெட்ரோலைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தனர். அதைக் கார்புரேட்டருக்குள் விட்டு என்ஜினை இயக்குவர். பெட்ரோலில் ஓடும் அந்தச் சிறிது நேரத்தில் என்ஜின் சூடேறத் தொடங்கும். அதன் பின் மண்ணெண்ணெயும் ஆவியாகி எரியும். என்ஜின் நின்றுபோய் ஆறிவிட்டால் மீண்டும் சில துளி பெட்ரோல் தேவைப்படும்.

பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்கள் இந்த நடைமுறைக்கு இசைந்து கொடுத்தன. அவற்றின் சிலிண்டர் அழுத்தம் குறைவு என்பதால் தரம் குறைந்த எரிபொருளையும் அவை பெரிய சேதமின்றித் தாங்கின. யாவற்றுக்கும் மேலாக, கார்புரேட்டர் என்பது கையால் திறந்து, துளி விட்டு, சரிசெய்யக்கூடிய ஒரு பாத்திரம். முழுவதும் மூடிய அழுத்தக் குழாய்களும் கணினியும் கொண்ட உட்செலுத்தல் முறையில் இது கைகூடியிருக்காது.

இந்த உத்தி புதிதன்று. பிரிட்டனில் 1940களிலும் 50களிலும் பயன்பட்ட ஃபெர்குசன் டிராக்டர்களில் ஒரு ரகம், மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மலிவான எரிபொருளில் இயங்கியது. அதற்கென ஒரு பெரிய கலனும், பெட்ரோலுக்கு ஒரு சிறிய கலனும் அதில் இருந்தன. விவசாயி பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பின் திறப்பைத் திருப்பி மாற்றிக்கொள்வார்.

பிரேசிலில் இதே கதை எத்தனாலை வைத்து நடந்தது. 1975இல் அந்நாடு கரும்பிலிருந்து எடுக்கும் எத்தனாலை வாகன எரிபொருளாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1979இல் எத்தனாலில் மட்டும் ஓடும் ஃபியட் 147 கார் சந்தைக்கு வந்தது. பெட்ரோலைப் போல் எத்தனாலில் இலேசான பகுதி என்று எதுவும் கிடையாது. முழுவதும் ஒரே பொருள், கொதிநிலை 78 டிகிரி. சுமார் 13 டிகிரிக்குக் கீழே அது தீப்பற்றும் அளவுக்கு ஆவியைத் தருவதில்லை. ஆகவே, தென் பிரேசிலின் குளிர்காலக் காலைகளில் கார்கள் கிளம்ப மறுத்தன. பானெட்டின் அடியில் ஒரு சிறிய பெட்ரோல் கலனை வைத்து, தொடக்கத்தில் மட்டும் அதைத் தெளிப்பதே தீர்வாயிற்று. 2003இல் எந்த விகிதத்திலும் கலந்த எரிபொருளை ஏற்கும் ஃபோக்ஸ்வாகன் கோல் கார், மின்னணு உட்செலுத்தலுடன் அறிமுகமானபோதும் அந்தச் சிறு கலன் நீங்கவில்லை. எரிபொருளை உட்செலுத்தும் முன்பே மின்சாரத்தால் சூடாக்கும் முறை 2009இல் வந்த பின்னரே அதற்கு விடை கொடுக்க முடிந்தது.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் கொள்கையை இந்தியா 2025இல் நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறது. அது குறித்து எழுப்பப்படும் கேள்விகள் பல. ஆயினும் குளிர் தொடக்கத்தைப் பொறுத்தவரை, எஞ்சிய 80 சதவீதப் பெட்ரோலில் போதிய இலேசான பகுதி இருப்பதால், பிரேசில் அனுபவித்த அளவுக்குச் சிக்கல் எழ வாய்ப்பில்லை.

கணினி என்ன செய்கிறது?

எரிபொருளை அளந்து பீய்ச்சும் எண்ணம் பழையது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு முறை, 1958ஆம் ஆண்டு கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் பொருத்தப்பட்டது. அன்றைய மின்னணுக் கருவிகள் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. அந்தச் சில டஜன் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் கார்புரேட்டரே மாற்றிக் கொடுக்கப்பட்டது. பெண்டிக்ஸ் காப்புரிமைகளின் உரிமத்தைப் பெற்ற ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பொருத்திய முறையே பெருமளவில் வெற்றி பெற்றது.

அந்தத் தொடக்க கால அமைப்புகளில், குளிர் தொடக்கத்துக்கென்றே தனியாக ஓர் உட்செலுத்தி இருந்தது. அது எவ்வளவு நேரம் பீய்ச்ச வேண்டும் என்பதை மின்சாரத்தால் சூடாகும் ஒரு சுவிட்ச் நிர்ணயித்தது. மைனஸ் 20 டிகிரியில் சுமார் 8 விநாடி, அதற்கு மேல் இல்லை. என்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தால் அது திறக்கவே திறக்காது. சாரதியின் கை செய்த வேலையை நேரம் குறித்துச் செய்த சோக் என்று இதைச் சொல்லலாம்.

இன்றைய முறையில் இந்தத் தனி உட்செலுத்தியும் இல்லை. சாவியைத் திருப்பியதும், பெட்ரோல் கலனுக்குள் உள்ள மின்விசைப் பம்பு ஓரிரு விநாடி இயங்கிக் குழாயில் அழுத்தத்தை உண்டாக்குகிறது. காற்றோட்டம் உறிஞ்சித் தரும் வரை காத்திருக்க வேண்டிய நிலை இதனால் நீங்குகிறது. என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை ஓர் உணரி அளக்கிறது. குளிரில் மின்தடை கூடும், சூட்டில் குறையும் சிறு பொருள் ஒன்றே இதன் உயிர்நாடி. 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் காட்டும் வழக்கமான உணரி ஒன்று, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். உள்வரும் காற்றின் வெப்பம், அழுத்தம், பேட்டரியின் மின்னழுத்தம், சுழலும் வேகம் ஆகியவையும் கணினிக்கு எட்டுகின்றன.

இவற்றை வைத்து ஒவ்வொரு முறையும் உட்செலுத்தி எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்பது கணக்கிடப்படுகிறது. என்ஜின் பற்றும் வரை ஓர் அளவு. பற்றியதும் சட்டெனக் குறைத்து வேறோர் அளவு. அடுத்த சில விநாடிகளில் அதுவும் படிப்படியாகத் தேய்கிறது. அதன்பின் நீர் சூடேறச் சூடேற, நிமிடக்கணக்கில் மெல்லக் குறையும் இன்னோர் அளவு. சுவரில் படிந்த ஈரப் படலத்தில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு ஆவியாகித் திரும்பும் என்பதற்கும் கணக்கு உண்டு. நல்ல சாரதி காதால் கேட்டுக் கையால் செய்ததை, விநாடிக்குப் பல முறை எண்களால் செய்கிறது இந்தக் கணினி. கடல் மட்டத்திலிருந்து லடாக்கின் கணவாய்களுக்கு ஏறினால் காற்று மெலிவதை அது தானே உணர்ந்து பெட்ரோலைக் குறைக்கிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது.

ஆக்சிலரேட்டர் மிதியை முன்கூட்டியே அழுத்தும் பழக்கத்துக்கு இங்கே வேலையில்லை. கார்புரேட்டரில் அந்த மிதியுடன் இணைந்த சிறு பம்பு, ஒவ்வோர் அழுத்தலுக்கும் பெட்ரோலைப் பீய்ச்சியது. உட்செலுத்தலில் மிதி காற்று வழியை மட்டுமே திறக்கிறது. ஆனால் பழைய பரிகாரம் ஒன்று மட்டும் புதிய வடிவில் பிழைத்திருக்கிறது. பல கார்களில், மிதியைத் தரை வரை அழுத்தியபடி ஸ்டார்ட் செய்தால், பிளக்குகள் நனைந்துவிட்டன என்று கணினி புரிந்துகொண்டு பெட்ரோலை நிறுத்திவிடும். குளிர்ந்த காரைச் சில அடி தூரம் நகர்த்திவிட்டு உடனே அணைத்துவிடும் வழக்கமுள்ளவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. என்ஜினுக்குள் பெட்ரோல் மிகுந்திருக்கும் அந்தத் தருணத்தில் அணைத்தால், மறுமுறை கிளம்ப அது தகராறு செய்யக்கூடும்.

சட்டம் தள்ளிய மாற்றம்

இத்தனை வசதிகளும் சாரதிகளின் சிரமத்தைப் போக்கவே வந்தன என்று கருதுவது சரியாகாது. கார்புரேட்டர் மலிவானது. அதைக் கைவிட உற்பத்தியாளர்களுக்கு வேறொரு நிர்ப்பந்தம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டமும், அதைவிடக் கடுமையான கலிஃபோர்னியா மாநில விதிகளும் அந்த நிர்ப்பந்தத்தை அளித்தன. 1975 முதல் அமெரிக்கக் கார்களின் புகைக் குழாயில் வினையூக்கிக் கலன்கள் இடம்பெறத் தொடங்கின. மூன்று வகை நச்சையும் ஒருசேர நீக்கும் கலன் வேலை செய்ய, காற்று-பெட்ரோல் விகிதம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். புகையில் மிஞ்சியுள்ள ஆக்சிஜனை அளக்கும் உணரியும் அதற்குத் துணையாக 1976இல் வால்வோ கார்களில் வந்தது. அந்தத் துல்லியத்தைக் கார்புரேட்டரால் நெடுங்காலம் தர முடியவில்லை. ஐரோப்பாவில் 1993 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கலன் கட்டாயமானதும் அங்கும் அதன் கதை ஏறக்குறைய முடிந்தது.

ஆனால் இந்தக் கலனுக்கு ஒரு பலவீனம் உண்டு. சுமார் 250 முதல் 300 டிகிரி வரை சூடாகும் வரை அது வேலை செய்யாது. ஆக்சிஜன் உணரியும் அப்படியே. ஆக, பெட்ரோல் மிக அதிகமாக உள்ளே செல்லும் அதே நிமிடத்தில், புகையைச் சுத்திகரிக்க எதுவும் இல்லை. தொடக்கத்தில் குறிப்பிட்ட முதல் ஓரிரு நிமிடங்களின் மர்மம் இதுதான்.

குளிர்ந்த காரை இயக்கியவுடன் என்ஜின் சற்று உரக்க, வேகமாகச் சுழல்வதைப் பலர் கவனித்திருப்பர். என்ஜின் தன்னைச் சூடேற்றிக்கொள்கிறது என்று அதற்கு விளக்கம் கூறப்படுவதுண்டு. அது பாதி உண்மையே. தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, எரிதலின் வெப்பத்தைச் சக்தியாக மாற்றாமல் புகைக் குழாய்க்கு அனுப்பி, கலனை விரைவில் சூடாக்குகிறது கணினி. பெட்ரோலை வீணடித்துக் காற்றைக் காக்கும் ஓர் ஏற்பாடு இது. டொயோட்டா நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை பிரையஸ் கார்களில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. சூடான குளிர்விப்பு நீரை ஃபிளாஸ்க் போன்ற கலனில் மூன்று நாள் வரை சேமித்து, அடுத்த முறை இயக்கும் முன் என்ஜினுக்குள் பாய்ச்சியது.

விதிகளும் தாமதமாகவே விழித்தன. ஐரோப்பியச் சோதனையில் என்ஜினை இயக்கிய முதல் 40 விநாடிகளின் புகை 2000ஆம் ஆண்டு வரை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதிக நச்சு வெளியாகும் 40 விநாடிகளை விட்டுவிட்டு எஞ்சியதை அளந்துகொண்டிருந்தனர் என்பது இன்று வியப்பளிக்கிறது. யூரோ 3 விதிகள் அந்தச் சலுகையை நீக்கின. 2002இல் மைனஸ் 7 டிகிரியில் நடத்தப்படும் தனிச் சோதனையும் சேர்ந்தது.

இந்தியாவில் இருசக்கர வாகனங்கள்தான் இதில் கடைசிக் களம். 2006இல் ஹீரோ ஹோண்டா நிறுவனம் கிளாமர் மோட்டார் சைக்கிளை உட்செலுத்தலுடன் வெளியிட்டபோது, கூடுதல் விலை காரணமாக வாங்குவோர் தயங்கினர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட், ஐரோப்பிய விதிகளை ஒட்டி 2000களின் இறுதியிலேயே உட்செலுத்தலுக்கு வழிவிட்டபோதும், உள்நாட்டு 350 சிசி புல்லட்டுகளில் கார்புரேட்டரையே தொடர்ந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்ததும் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒரே அடியாக மாறின. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, ஒரு திருகைக் கால் சுற்று திருப்பிச் சரிசெய்த தெருவோர மெக்கானிக்குகளுக்கு இது சாதாரண மாற்றம் அல்ல. அவர்களின் செவியும் விரலும் அறிந்திருந்ததை இப்போது ஒரு கணினிக் கருவி கேட்கிறது. அந்தக் கருவியின் விலையோ அவர்களில் பலருக்கு எளிதானதல்ல.

பேட்டரி இல்லையேல் எதுவும் இல்லை

உட்செலுத்தல் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. கடுங்குளிரில் மசகு எண்ணெய் கூழாகி என்ஜினைச் சுழற்றுவது கடினமாகிறது. அதே வேளையில் பேட்டரி தரும் விசை, மைனஸ் 18 டிகிரியில் இயல்பு நிலையின் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கார்புரேட்டர் காரைப் பேட்டரி பலவீனமாக இருந்தாலும் நாலு பேர் தள்ளியோ, அதற்கும் முந்தைய கார்களை முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியோ கிளப்ப முடிந்தது. பம்பும் கணினியும் உட்செலுத்தியும் மின்சாரத்தையே நம்பியிருப்பதால், பேட்டரி முற்றாக இறந்துவிட்டால் உட்செலுத்தல் வாகனத்தைத் தள்ளியும் பெரும்பாலும் பயனில்லை. கனடாவின் வினிப்பெக், எட்மண்டன் போன்ற நகரங்களில் வாகனத் தரிப்பிடங்களில் மின் இணைப்பு முனைகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். இரவில் என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் மின் வெப்பமூட்டிக்கானவை அவை. உட்செலுத்தல் வந்த பின்பும் அங்கே அவற்றுக்குத் தேவை இருக்கிறது.

வெப்ப உணரி பழுதானாலும் தொல்லைதான். என்ஜின் சூடாக இருக்கிறது என்று அது பொய் சொன்னால், குளிர்ந்த காலையில் பெட்ரோல் போதாமல் கார் கிளம்பாது, ஆனால் மதியம் ஒழுங்காகக் கிளம்பும். எப்போதும் குளிர் என்று சொன்னாலோ, கரும்புகையும் பெட்ரோல் செலவும் கூடும். விலை குறைந்த இந்தச் சிறு பாகத்தைச் சோதிக்காமல் பேட்டரியையும் பம்பையும் மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

காத்திருப்பதன் ஆபத்து

கார்புரேட்டர் காலத்திலிருந்து கைமாறி வந்த பழக்கங்களில் மிகவும் நிலைத்து நிற்பது, காலையில் என்ஜினை ஓடவிட்டு ஐந்து, பத்து நிமிடம் காத்திருப்பது. சோக் உள்ள காரில் அதற்குக் காரணம் இருந்தது. சூடேறாமல் கிளப்பினால் வழியில் நின்றுவிடும். உட்செலுத்தல் காரில் எண்ணெய் பரவ அரை நிமிடம் போதும். அதன்பின் மிதமான வேகத்தில் ஓட்டினால், நின்ற இடத்தில் இயங்குவதைவிட என்ஜின் வெகு விரைவில் சூடேறும். நின்றபடி நெடுநேரம் இயங்கினால், மிகுதியான பெட்ரோல் எண்ணெயில் கலக்கும் நேரம்தான் நீள்கிறது. கண்ணாடியில் உறைந்த பனி உருகக் காத்திருக்க வேண்டியிருப்பது வேறு விடயம். பார்வை தெளியாமல் ஓட்டுவது அதைவிட ஆபத்து.

ஜெர்மனியின் சாலை விதிகள் தேவையின்றி என்ஜினை ஓடவிடுவதைத் தடை செய்கின்றன. ஏராளமான தமிழர்கள் வாழும் டொராண்டோவில், மாநகர விதி ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வாகனத்தை நின்றபடி ஓடவிட அனுமதிப்பதில்லை. கடுங்குளிர் நாட்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

அபராதத்தைவிடக் கடுமையானது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத இந்த நச்சு வாயு, பெட்ரோல் மிகுதியாகவும் காற்று குறைவாகவும் எரியும்போது அதிகம் உருவாகிறது. குளிர் தொடக்கத்தின் நிலையும் அதுவே. கலன் குளிர்ந்திருப்பதால் அதை அழிக்கவும் வழியில்லை. புதிய கார் ஆயிற்றே, புகை சுத்தமாகத்தானே இருக்கும் என்ற எண்ணத்தில் வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் காரை ஓடவிடுபவர்கள் இதை அறிவதில்லை. கராஜ் கதவு திறந்திருந்தாலும் வாயு வீட்டுக்குள் கசியக்கூடும். 2016 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பனிப்புயல் தாக்கியபோது, புகைக் குழாய் பனியில் புதைந்திருந்த கார்களுக்குள் குளிர் காய அமர்ந்திருந்தவர்கள் உயிரிழந்தனர். வெளியே பனியை அள்ளுபவர் காரின் முன்புறத்திலிருந்து தொடங்க, உள்ளே குழந்தைகளுடன் குடும்பம் அமர்ந்திருப்பது வழக்கமாக நடப்பதே. பனி பொழிந்த காலையில் முதலில் அகற்ற வேண்டியது பின்புறம் உள்ள புகைக் குழாயைச் சுற்றிய பனியை. சாவியைத் திருப்புவது அதற்குப் பிறகு.